நியான் எழுத்தும் கிம்ப் 3.0-வும்: நாள்பட ஓட்டிப் பாத்த அனுபவம்

தங்கச்சியோட இசை நிகழ்ச்சிக்கு போஸ்டர் பண்ணிக் குடுக்குறேன்னு ஒத்துக்கிட்டேன். ராத்திரி நேரத்து செங்கல் சுவர் ஃபோட்டோ ஒண்ணு, அது மேல நியான் லைட் எரியுற மாதிரி நிகழ்ச்சியோட பேரு, அவ்வளவுதான் ஐடியா. கிம்ப்ங்கிற ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எழுத்தை அடிச்சு, நல்லா அழுத்தமான பிங்க் கலர் குடுத்து, அதையே காப்பி எடுத்து பிளர் பண்ணி அடியில வெச்சுட்டு பெருமையா கொண்டுபோய் காட்டினேன். அவ கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "அண்ணா, லைட் எரியுற மாதிரி இல்லண்ணா, எழுத்து மேல பிங்க் பவுடர் கொட்டுன மாதிரி இருக்கு"ன்னா. கோவம் வரல, ஏன்னா அவ சொன்னதுக்கு அப்புறம் எனக்கும் அது பவுடராத்தான் தெரிஞ்சுச்சு. அந்த பவுடரை லைட்டா மாத்த நான் பட்ட பாட்டுலதான் இந்த சாஃப்ட்வேர உண்மையிலேயே கத்துக்கிட்டேன், அதனால இந்த ரிவ்யூவும் அந்த வேலைய ஒட்டியேதான் போகும், மெனு மெனுவா எண்ணிச் சொல்ற ரிவ்யூ வேணும்னா இது அது இல்ல.

முதல்ல தப்பு எங்கன்னு பாப்போம், ஏன்னா சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் இது ஒண்ணுதான். நிஜ நியான் ட்யூப ஃபோட்டோ எடுத்தா ட்யூபோட நடு பாகம் கிட்டத்தட்ட வெள்ளையா விழும், கேமராவால அவ்வளவு வெளிச்சத்த தாங்க முடியாது, கலரு விளிம்புலதான் தெரியும், ட்யூபைச் சுத்தி இருக்குற ஒளியில இன்னும் நல்லா தெரியும். (சுத்தமான நியான் வாயு குடுக்குறது செம்மஞ்சள் கலர் மட்டும்தான், பிங்க், நீலம், பச்சை எல்லாம் வேற வாயு, ட்யூப் உள்ள பூசுற பொடி, கலர் கண்ணாடின்னு வேற வேற வழியில வர்றது, ஆனா பேச்சு வழக்குல எல்லாமே நியான்தான்.) நான் பண்ணது நேர் எதிர்: நடுவுல அழுத்தமான கலர், வெளிய வெளுத்துப்போன கலர். கண்ணு இதைப் பாத்த உடனே பெயிண்ட்னு முடிவு பண்ணிடுது, லைட்டுன்னு நம்பவே மாட்டேங்குது. கண்ணை இழுக்குற எஃபெக்ட்னு நாம சொல்ற பாதி விஷயம் ஒளி நிஜத்துல எப்படி நடந்துக்குதோ அப்படி நடந்துக்க வெக்குறதுதான், இதை எந்த ஃபில்டரும் நமக்காக யோசிச்சுத் தராது.

இப்ப கிம்ப் பத்தி. 1995ல பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல படிச்ச ரெண்டு பசங்க ஆரம்பிச்சது, 1996ல வெளிய வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கு. அதுல சேவ் பண்ணுற ஃபைலுக்கு எக்ஸ்சிஎஃப்னு பேரு வந்ததே அவங்க இருந்த கம்ப்யூட்டிங் கிளப்போட பேர வெச்சுத்தான். ரொம்ப காலமா அதோட பெரிய குறை ஒண்ணு இருந்துச்சு, பிளர் அடிச்சா அடிச்சதுதான், அந்த லேயரோட (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற கண்ணாடித் தாள் மாதிரி) பிக்சலே மாறிப்போயிடும், ஃபைல மூடித் திறந்தா அன்டூ ஹிஸ்டரியும் போயிடும், நாளைக்கு வந்து "அந்த பிளர கொஞ்சம் கம்மி பண்ணலாமே"ன்னு தோணுனா வழியே இல்ல. ஃபோட்டோஷாப்ல 2007லயே ஸ்மார்ட் ஃபில்டர், அதாவது போட்ட ஃபில்டர அப்புறமும் திருத்துற வசதி, வந்துடுச்சு. கிம்ப்க்கு அது வந்து சேர்ந்தது 2025 மார்ச்ல வந்த 3.0ல. பதினெட்டு வருஷம் லேட்டு, அதை மறைக்க ஒண்ணுமில்ல, ஆனா வந்த விதம் எனக்குப் பிடிச்சிருக்கு.

எப்படின்னா, தனியா எதையும் மாத்தி வெக்க வேண்டியதில்ல, லேயரை செலக்ட் பண்ணி வழக்கம்போல ஃபில்டர் போட்டா அது தானாவே லேயர் மேல ஒட்டிக்கிட்டு உக்காந்துக்கும். லேயர் லிஸ்ட்ல எஃப்எக்ஸ்னு ஒரு சின்ன அடையாளம் வரும், அதைத் தொட்டா போட்ட ஃபில்டர் எல்லாம் வரிசையா தெரியும், கண் அடையாளத்த அமுக்கி மறைக்கலாம், மேல கீழ மாத்தலாம், திறந்து நம்பர மாத்தலாம், வேண்டாம்னா தூக்கிப் போடலாம். பழையபடி பிக்சல்லயே கலந்துடணும்னா ஃபில்டர் விண்டோவுல அதுக்கும் ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. எழுத்து லேயர் மேல ஃபில்டர் போட்டாலும் எழுத்து எழுத்தாவே இருக்கும், திரும்பப் போய் திருத்தலாம். இந்த ஒண்ணு எனக்கு எவ்வளவு பெருசுன்னா, இதுக்கு முன்னாடி ஒரே லேயர்ல நாலு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு எது எந்த பிளர்னு குழம்பிக்கிட்டு இருப்பேன்.

சரி, பவுடர் எப்படி லைட்டாச்சு? எழுத்தோட கலர கிட்டத்தட்ட வெள்ளையா மாத்தினேன், சுத்த வெள்ளை இல்ல, ஒரு துளி பிங்க் கலந்தது. அப்புறம் டிராப் ஷாடோ ஃபில்டர். பேரு நிழல்னாலும் அதை ஒளியா பயன்படுத்தலாம், எக்ஸ், ஒய் ரெண்டையும் 0 ஆக்கிட்டா நிழல் தள்ளி விழாம எழுத்தைச் சுத்தியே பரவும், கறுப்புக்கு பதிலா பிங்க் குடுத்தா முடிஞ்சுது. முதல்ல பிளர் ரேடியஸ் (எவ்வளவு தூரம் பரவணும்ங்கிற அளவு) 6, அழுத்தமான பிங்க். அதுக்கு மேல இன்னொரு டிராப் ஷாடோ ரேடியஸ் 30, இன்னொண்ணு ரேடியஸ் 110 ஒப்பாசிட்டி, அதாவது அழுத்தம், ரொம்ப கம்மியா. மூணு வட்டம் மாதிரி, உள்ள இறுக்கமா, வெளிய போகப் போக மெல்லிசா. ஒரே ஒரு பிளர் வெச்சா எப்பவும் பவுடராத்தான் தெரியும், நிஜ ஒளி விளக்குகிட்ட ரொம்ப பிரகாசமா இருந்து சட்டுனு குறைஞ்சு அப்புறம் நீளமா இழுத்துக்கிட்டுப் போகும், அந்த வாலு வேணும்னா ஒரு பிளர் பத்தாது. இந்த நம்பரெல்லாம் என்னோட 3000 பிக்சல் அகல படத்துக்கு, உங்க படத்துக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கோங்க.

இதுல தமிழ்ல எழுதுறவங்களுக்குன்னே ஒரு விஷயம் சொல்லணும். இங்கிலீஷ் எழுத்துக்கு பாத்த டுடோரியல்ல இருக்குற நம்பர அப்படியே போட்டா நம்ம எழுத்துல சுழி எல்லாம் அடைச்சுக்கும். ண, ன, ை இதுல இருக்குற சின்ன சின்ன ஓட்டைக்குள்ள ஒளி ரொம்பி ஒரு வெள்ளைக் கட்டியா மாறிடும், ணவா னவான்னே தெரியாது. நான் என்ன பண்ணேன்னா மெல்லிசான ஒரே தடிமன்ல ஓடுற ஃபான்ட்டா தேடி எடுத்தேன், எழுத்துக்கு எழுத்து இடைவெளியக் கூட்டினேன், முதல் ரேடியஸ 6லேர்ந்து 3க்கு இறக்கினேன். அதோட எழுத்து ஸ்டைல்ல நிரப்பாம வெறும் கோடு மட்டும் வரையுற வசதி 3.0ல புதுசா வந்திருக்கு, அதைப் போட்டா எழுத்தோட ஓரம் மட்டும் ட்யூப் மாதிரி ஓடும், பெரிய தடிச்ச எழுத்துக்கு இதுதான் சரி. கொம்பு, கால், புள்ளி எதுவும் எடம் மாறல, "கொ"வோட கொம்பு ஒழுங்கா முன்னாடி நிக்குது. இது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா எழுத்தை உடைச்சுப் போடுற எடிட்டர்ல வேலை பாத்தவங்களுக்கு அந்த நிம்மதி தெரியும்.

எழுத்து சரியாச்சு, ஆனா சுவத்துல இன்னும் ஏதோ இடிச்சுச்சு. ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, காத்துல பரவுற ஒளி வேற, சுவத்துல விழுற ஒளி வேற, நான் ரெண்டையும் ஒண்ணா போட்டுட்டேன். காத்துல, புகையில, லென்ஸ்ல பரவுற ஒளி எல்லாத்து மேலயும் மெல்லிசா படர்ந்து கறுப்பையும் வெளுக்க வெக்கும். சுவத்துல விழுற ஒளி அப்படி இல்ல, செங்கல் எங்க வெளிறிப்போய் இருக்கோ அங்க நல்லா பளபளக்கும், செங்கலுக்கு நடுவுல இருக்குற இருட்டு சந்து இருட்டாவே கிடக்கும். ஒரு லேயர் கீழ இருக்குற படத்தோட எப்படி கலக்கணும்னு சொல்றது பிளெண்ட் மோட், கிம்ப்ல அதுல முதல் வகைக்கு ஸ்கிரீன் இல்லன்னா அடிஷன், ரெண்டாவது வகைக்கு டாட்ஜ். டாட்ஜ்ல கறுப்பு கறுப்பாவே நிக்கும், ஏன்னா அது கீழ இருக்குற வெளிச்சத்தப் பெருக்கிக் குடுக்குது, பூஜ்யத்தைப் பெருக்குனா பூஜ்யம்தான். புது லேயர் ஒண்ணு, டாட்ஜ் மோட், பெரிய மெத்துனு இருக்குற பிரஷ்ல மங்கலான பிங்க் எடுத்து எழுத்துக்குப் பின்னாடி ஒரு தடவு தடவினேன், செங்கலோட சொரசொரப்பு அப்படியே மேல எழுந்து வந்துச்சு! அந்த நொடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, திரையில சுவரு சுவரா மாறுன மாதிரி இருந்துச்சு.

பிளெண்ட் மோட பயந்து ஒதுக்குறவங்க நிறைய பேரு, லிஸ்ட்ல ஒவ்வொண்ணா சொடுக்கி எது அழகா இருக்கோ அதை வெச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. ஆனா உள்ள நடக்குறது சாதாரண கணக்கு. 0லேர்ந்து 255 வரைக்கும் வெளிச்சம்னு வெச்சுக்கோங்க, நடு சாம்பல் 128. மல்டிப்ளைல 128உம் 128உம் சேர்ந்தா 64, ரெண்டு கறுப்புக் கண்ணாடிய ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச மாதிரி. ஸ்கிரீன்ல அதே ரெண்டும் சேர்ந்தா 192, ஒரே திரையில ரெண்டு ப்ரொஜெக்டர் அடிச்ச மாதிரி. இந்த ஸ்கிரீன் கணக்குலதான் டபுள் எக்ஸ்போஷரே நிக்குது, அதான் ஒரு முகத்துக்குள்ள காடு தெரியுற மாதிரி வருமே, அது. வெள்ளைப் பின்னணியில இருட்டா விழுந்த முகம் கீழ, காட்டு படம் மேல ஸ்கிரீன் மோட்ல. வெள்ளை எதோட சேர்ந்தாலும் வெள்ளையாவே நிக்கும், இருட்டான முகத்துல மட்டும் மரம் தெரியும், அதனால பின்னணிய வெட்டக்கூட வேண்டாம். ஆனா முகத்தை லெவல்ஸ் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்குற டூல்) வெச்சு நல்லா இருட்டாக்கி, பின்னணிய சுத்த வெள்ளைக்குத் தள்ளிட்டு ஆரம்பிக்கணும், அரைகுறை சாம்பல்ல ஆரம்பிச்சா அழுக்குத் துணி மாதிரி ஆயிடும்.

அடுத்தது டிஸ்பிளேஸ். கசங்குன துணியில எழுத்து அச்சடிச்ச மாதிரி, கொடி காத்துல ஆடும்போது அதுல இருக்குற படமும் மடிப்போட மடியுற மாதிரி பண்றதுக்கு இதுதான். ஃபில்டர்ஸ்ல மேப்ங்கிற பிரிவுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. துணி லேயரோட காப்பிய கறுப்பு வெள்ளை ஆக்கி, லேசா பிளர் பண்ணி, அதை வழிகாட்டியா குடுத்தா வெளிச்சமான இடத்துல எழுத்து ஒரு பக்கம் தள்ளும், இருட்டான இடத்துல எதிர்ப்பக்கம் தள்ளும், நடு சாம்பல் இருக்குற இடத்துல அசையாது. டுடோரியல்ல சொல்லாத ஒண்ணு இருக்கு: துணி மொத்தமா வெளிறிய கலர்னா வழிகாட்டி முழுக்க நடுவுக்கு மேலயே இருக்கும், எழுத்து மடியுறதுக்கு பதிலா மொத்தமா ஒரு பக்கம் நகர்ந்து போயிடும். லெவல்ஸ்ல போய் சராசரிய 128 பக்கம் கொண்டு வந்துட்டு அப்புறம் டிஸ்பிளேஸ் போட்டா கச்சிதமா உக்காரும். பிளர் பண்ணாம விட்டா துணியோட நூல் நூலா எழுத்து பிஞ்சு தெரியும். கடைசியா எழுத்து லேயர மல்டிப்ளைக்கு மாத்துனா மடிப்போட நிழல் எழுத்து மேலயும் விழும், அதுக்கு அப்புறம் யாரும் இது ஒட்ட வெச்சதுன்னு சொல்ல மாட்டாங்க. எழுத்து லேயருக்கு முன்னாடியே ஒரு காப்பி எடுத்து மறைச்சு வெச்சுக்கோங்க, இந்த வேலையில நான் இன்னும் பழைய பழக்கத்தை விடல.

ரெடிமேட் ஃபில்டர் நிறைய இருக்கு, அதுல சிலது மட்டும் சொல்றேன். புளூம் அருமை, வெளிச்சமான பகுதி மட்டும் லேசா கசிஞ்சு பரவும், எல்லா எஃபெக்டும் முடிஞ்ச பிறகு மேல இதை மெல்லிசா போட்டா தனித்தனியா இருந்தது எல்லாம் ஒரே கேமராவுல எடுத்த மாதிரி சேர்ந்துக்கும். லாங் ஷாடோ சுத்தமான வேலை. இன்னர் குளோ, பெவல் ரெண்டும் 3.0ல சேர்ந்தது, எழுத்துக்கு ஒரேடியா அவுட்லைன், நிழல், பளபளப்பு எல்லாம் குடுக்குற டெக்ஸ்ட் ஸ்டைலிங்னு ஒண்ணும் இருக்கு, அவசரத்துக்கு கை குடுக்கும். லென்ஸ் ஃபிளேர், சூப்பர்நோவா ரெண்டையும் நான் தொடுறதில்ல, பாத்த உடனே எந்த ஃபில்டர்னு தெரிஞ்சுடும், படத்துல வேற எதையும் கண்ணு பாக்காது. இதெல்லாம் பத்தலன்னா ஜிமிக்னு ஒரு பிளகின் இருக்கு, பிரான்ஸ்ல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல 2008லேர்ந்து வளர்த்துக்கிட்டு வர்றாங்க, ஐநூறுக்கு மேல ஃபில்டர், அதுவும் இலவசம். பழைய ஃபிலிம் ரோல் கலர் டோன் வேணும்னா அதுல போய் தேடுங்க, ஒரு மத்தியானமே போயிடும், ஆனா வீண் போகாது. ஒண்ணு மட்டும், அதுல போட்ட எஃபெக்ட் பிக்சல்லயே கலந்துடும், எஃப்எக்ஸ் லிஸ்ட்ல வராது, அதனால காப்பி லேயர்ல போடுங்க.

ஆள வெட்டி எடுக்குற வேலைக்கு ஃபோர்கிரவுண்ட் செலக்ட் டூல் போதும், முதல்ல சுத்தி வளைச்சு, அப்புறம் உள்ள இருக்குறத கொஞ்சம் கிறுக்கிக் காட்டி, முடி இருக்குற ஓரத்தை தெரியாத பகுதின்னு குறிச்சா முடி இழைய ஓரளவு பிரிச்சுக் குடுக்கும். ஓரளவுன்னுதான் சொல்லுவேன், முடியும் பின்னணியும் ஒரே கலர்ல இருந்தா உக்காந்து மாஸ்க்ல (லேயர்ல எது தெரியணும், எது மறையணும்னு குறிக்குறது) கையால வரையுறதுதான் வழி. ஒரே கிளிக்ல ஆளை வெட்டித் தர்ற ஆப் இன்னைக்கு நிறைய இருக்கு, அதுக்குப் பழகுனவங்களுக்கு இது பொறுமைய சோதிக்கும்.

குறை இன்னும் இருக்கு. எது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே முதல் வாரம் ஓடிடும், மேப், டிஸ்டார்ட், லைட் அண்ட் ஷாடோன்னு பிரிச்சு வெச்சிருக்குறதுல எனக்கே சிலது இன்னும் தப்பும், அதுக்கு சாய்வுக்கோடு பட்டனை அமுக்குனா கமாண்ட் தேடுற பெட்டி வரும், ஃபில்டர் பேரு தெரிஞ்சா போதும், இதைத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம்தான் என் வேலை வேகமாச்சு. 3.0ல ஒரு வட்டம், ஒரு சதுரம் நேரா வரைய தனி ஷேப் டூல் கிடையாது, செலக்ஷன் போட்டு அதை நிரப்பணும், இல்லன்னா கோடு இழுக்கணும். அச்சுக்குப் போற வேலைக்கு சிஎம்ஒய்கே (அச்சு மை நாலோட கலர் முறை) மோட்லயே உக்காந்து எடிட் பண்ண முடியாது, அச்சுல எப்படி வரும்னு முன்கூட்டியே பாக்கலாம், ஏத்துமதி பண்ணும்போது மாத்திக் குடுக்கலாம், அவ்வளவுதான். நியான் பிங்க் மாதிரி கலரெல்லாம் மையில வராது, திரையில எரிஞ்சது பேப்பர்ல மங்கிப் போகும், அதை முதல்லயே பாத்துக்கலன்னா மனசு ஒடிஞ்சுடும். பெரிய படத்துல 110 ரேடியஸ் பிளர், அதுல மூணு நாலு எஃப்எக்ஸ் அடுக்குனா கொஞ்சம் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், வேலை நடக்கும்போது தேவையில்லாததை கண் அடையாளத்துல மறைச்சு வெச்சுக்கிட்டா பரவால்ல.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும், இருட்டுப் பின்னணியில பெரிய ஒளிவட்டம் போட்டா மரத்தோட உள்வட்டம் மாதிரி கோடு கோடா தெரியும் பாருங்க, அது உங்க கண்ணோட தப்பு இல்ல. 8 பிட் படத்துல ஒரு கலருக்கு 256 படிதான், இருட்டுலேர்ந்து கொஞ்சம் வெளிச்சத்துக்குப் போக அதுல இருபது முப்பது படிதான் கிடைக்கும், அதை ஆயிரம் பிக்சலுக்கு இழுத்தா ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும். இமேஜ் மெனுவுல பிரிசிஷன்னு இருக்கும், வேலை ஆரம்பிக்கும்போதே அதை 32 பிட் ஃப்ளோட்டுக்கு, அதாவது படி ரொம்ப நுணுக்கமா இருக்குற முறைக்கு, மாத்திடுங்க. இந்த வசதி 2018ல 2.10 வந்தப்பவே சேர்ந்துடுச்சு, ஆனா தெரிஞ்சு பயன்படுத்துறவங்க கம்மி. 32 பிட் ஃப்ளோட்ல அடிஷன் போட்டாலும் வெள்ளைய தாண்டுன வெளிச்சம் வெட்டுப்படாம உள்ளயே நிக்கும், அப்புறம் இறக்குனா கலர் திரும்ப வரும். கடைசியா ஜேபெக்கா குடுக்கும்போது அது மறுபடி 8 பிட்தான், அதனால அதுக்கு முன்னாடி மேல ஒரு துளி நாய்ஸ் தூவி விடுங்க, கோடு எல்லாம் கரைஞ்சு போகும், ஃபிலிம்ல எடுத்த மாதிரி ஒரு மணல் தன்மையும் வரும். நான் முதல் தடவை இதைப் பண்ணப்ப அந்த சுவரும் எழுத்தும் ஒட்டுனது மாதிரி வேற எதுலயும் ஒட்டல.

யாருக்கு இது சரி வரும்னு கேட்டா, எஃபெக்ட் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை இருக்குறவங்களுக்கு நான் தயங்காம கைகாட்டுவேன், காசு செலவு இல்ல, ஒரு ஃபைல நாலு மாசம் கழிச்சுத் திறந்தாலும் எதை எப்படி பண்ணோம்னு எஃப்எக்ஸ் லிஸ்ட்ல அப்படியே இருக்கும், அதைப் படிச்சே மறுபடி கத்துக்கலாம். தினமும் இருபது தம்ப்நெயில் தள்ளணும், டெம்ப்ளேட் வேணும்னு இருக்குறவங்க வேற எடத்துக்குப் போறது நல்லது, இது அந்த வேகத்துக்கு செஞ்சது இல்ல.

அந்த போஸ்டர திரும்ப காட்டினப்ப தங்கச்சி ஒண்ணுமே சொல்லல, ஃபோன வாங்கி ரூம் லைட்ட ஆஃப் பண்ணிட்டு இருட்டுல வெச்சுப் பாத்தா. அடுத்த வாரம் நிகழ்ச்சி தள்ளிப்போச்சு, தேதிய மாத்தணும், ராத்திரி பத்து மணிக்கு போன்ல "அண்ணா, முடியுமா?"ன்னு பாவமா கேக்குறா. ஃபைலத் திறந்தேன், தேதி இருக்குற எழுத்து லேயர டபுள் கிளிக் பண்ணி 14 இருந்த எடத்துல 21 அடிச்சேன், நான் அடிக்க அடிக்க மூணு ஒளிவட்டமும் புது எண்ணைச் சுத்தி தானா வந்து உக்காந்துச்சு, ஏத்துமதி பண்ணி அனுப்பும்போது அவ இன்னும் லைன்லதான் இருந்தா.